மூக்கைப் பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள்: பழைய பிரெஞ்சு ரேஸ் கார்களை அடையாளம் காண்பது எப்படி

பழைய ஆல்பங்களையும் தபால் அட்டைக் கட்டுகளையும் புரட்டிப் பார்க்கிற ரீயூனியன் தீவுத் தமிழர்களுக்கு இது பழகிய விஷயம்தான். கலியாணப் படம், தீமிதிப் படம், கரும்பாலை வாசலில் நிற்கிற மாட்டு வண்டி என்று போய்க்கொண்டே இருக்கும், நடுவில் திடீரென்று ஒரு ரேஸ் கார். தொப்பியைத் திருப்பிப் போட்ட ஓட்டுநர், பக்கத்தில் முகமெல்லாம் புழுதியோடு மெக்கானிக், பானட்டில் ஓர் எண். கீழே ஒரு வரி இருக்காது. அந்தக் காலத்தில் மார்சேயிலிருந்து கப்பலில் கடிதமும் பத்திரிகையும் வரும்போது இப்படிப்பட்ட அட்டைகளும் கூடவே வந்தன. ஒருவர் பார்த்துவிட்டு "ரெனோ" என்பார், இன்னொருவர் "நம்ம ரோலான் காரோஸ் வண்டி" என்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும். அங்கே முடிக்கக் கூடாது. கொஞ்சம் பொறுமையும் ஒரு நல்ல லென்ஸும் இருந்தால் பெரும்பாலான படங்களில் எந்தப் பந்தயம், எந்த ஆண்டு, எந்தக் கம்பெனி என்பது வரை போய்விடலாம்.

காரோஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தீவில் எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். அவர் 1888இல் நம் சேன் தெனியில் பிறந்தார், பாரீசில் கார் வியாபாரம் செய்தார், விமானி ஆனார், 1913 செப்டம்பரில் மத்தியதரைக் கடலை விமானத்தில் கடந்தார். அதே ஆண்டில் புகாத்தியிடமிருந்து செயினால் ஓடுகிற 5 லிட்டர் வண்டி ஒன்றை வாங்கினார். அது பிற்பாடு இங்கிலாந்துக்குப் போய் பிளாக் பெஸ் என்ற பெயரில் பிரபலமானது. உங்கள் படத்தில் இருப்பது காரோஸ் என்று சொல்ல வேண்டுமானால் முகமும் ஒத்துப்போக வேண்டும், வண்டியும் ஒத்துப்போக வேண்டும். இன்னொன்று: புகாத்தி தொழிற்சாலை இருந்த மோல்சைம் 1918 வரை ஜெர்மனியின் கையில் இருந்த ஊர். ஆகவே முதல் உலகப் போருக்கு முந்தைய புகாத்தியைப் பிரெஞ்சு வண்டிகளின் பட்டியலில் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

சரி, வேலையை ஆரம்பிப்போம். முதலில் அட்டையைத் திருப்புங்கள். பிரான்சில் 1903 இறுதிவரை தபால் அட்டையின் பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும்தான். அதற்குப் பிறகுதான் நடுவில் கோடு போட்டு ஒரு பாதியில் சேதி எழுத அனுமதித்தார்கள். கோடு இல்லாத அட்டை என்றால் அநேகமாக 1904க்கு முந்தியது. தபால் முத்திரையில் தேதி தெரிந்தால் படம் அதற்கு முன்னால் எடுக்கப்பட்டது என்பது உறுதி, எவ்வளவு முன்னால் என்பது மட்டும் தெரியாது. இரண்டு பக்கத்தையும் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். நம் கிழக்குக் கரை ஈரத்தில் பழைய படங்களின் கறுப்புப் பகுதிகள் வெள்ளிபோல மினுமினுக்க ஆரம்பித்துவிடும், அந்த இடத்தை விளக்குக்கு நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சாய்த்து வைத்துப் பாருங்கள். துடைக்க வேண்டாம். லேமினேட் செய்யவே வேண்டாம்.

அப்புறம் வண்டியைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். இதைத்தான் நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: முதலில் பந்தயம், பிறகு ஆண்டு, கடைசியில்தான் வண்டி. ஏனென்றால் ஒரு பந்தயத்தில் ஓடிய வண்டிகளுக்குப் பட்டியல் உண்டு, அதற்குள் தேடுவது சுலபம். உலகத்தில் இருந்த எல்லாக் கார்களுக்குள்ளும் தேடினால் கரை காண முடியாது. சக்கரத்துக்கு அடியில் மரப்பலகை போட்ட சாலை தெரிகிறதா? 1906 ஜூனில் லெ மான் பக்கத்தில் நடந்த முதல் கிராண்ட் பிரீயாக இருக்க வாய்ப்பு அதிகம், ஊருக்குள் போகாமல் இருக்க அங்கே பலகைச் சாலை போட்டிருந்தார்கள். ஒரு சுற்று 103 கிலோமீட்டர், இரண்டு நாளில் பன்னிரண்டு சுற்று. மேடைக்கு எதிரே பள்ளம் வெட்டி அதற்குள் மெக்கானிக்குகள் டயரும் பெட்ரோலும் வைத்து நிற்கிறார்கள் என்றால் 1908 தியேப் பந்தயத்தைச் சந்தேகியுங்கள். பின்னால் வட்டமான எரிமலைக் குன்றுகள் தெரிந்தால் ஓவர்ஞ், அதாவது 1905 கோர்டன் பென்னெட் கோப்பை. நம் தீவில் வளர்ந்தவர்களுக்கு எரிமலைக் குன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆண்டைக் குறுக்குவதற்கு நான் மிகவும் நம்புவது ஸ்டெப்னியைத்தான். வண்டியின் பின்னால் கட்டியிருப்பது வெறும் டயர் மட்டும் என்றால் பழைய முறை: பஞ்சர் ஆனால் சாலையோரத்தில் கத்தியால் டயரை அறுத்து எறிந்துவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். 1906இல் மிஷ்லேன் கம்பெனியின் கழற்றி மாட்டும் ரிம் வந்தது, டயரும் ரிம்மும் சேர்ந்தே ஸ்டெப்னியாக இருக்கும், சக்கரத்தில் ரிம்மைப் பிடிக்கிற நட்டுகள் வரிசையாகத் தெரியும். அந்த ஆண்டு கிராண்ட் பிரீயில் ரெனோ ஜெயித்ததற்கு இந்த ரிம் ஒரு பெரிய காரணம். முழுச் சக்கரமே ஸ்டெப்னியாக, கம்பி ஸ்போக்கோடும் நடுவில் ஒரே பெரிய நட்டோடும் இருந்தால், பெரிய கிராண்ட் பிரீ வண்டிகளைப் பொறுத்தவரை 1912ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோதான். 1908இல் கழற்றி மாட்டும் முழுச் சக்கரத்தை விதியே தடுத்தது. சிறிய வண்டிகளில் கம்பிச் சக்கரம் முன்பே உண்டு, ஆகவே இந்தக் கணக்கை அவற்றுக்குப் போடாதீர்கள்.

முன் சக்கரத்தில் பிரேக் டிரம் தெரிந்தால் 1914க்கு முன்னால் போகாதீர்கள். அந்த ஆண்டு லியோன் பந்தயத்துக்குப் பெஜோவும் தெலாஜும் நான்கு சக்கரப் பிரேக்கோடு வந்தன. கூர்மையான நீண்ட வால் இருந்தாலும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் ஆரம்பம், அதற்கு முன்னால் ஓட்டுநர் முதுகுக்குப் பின்னே உருண்டையான பெட்ரோல் டேங்க்தான் இருக்கும். கிராண்ட் பிரீயில் மெக்கானிக்கை ஏற்றக் கூடாது என்று விதி வந்தது 1925இல். சேசிஸ் என்கிற அடிச்சட்டம், பெடல், நெம்புகோல் என்று எல்லாவற்றிலும் ஓட்டை போட்டிருந்தால் அது 1902 முதல் 1906 வரை பெரிய வண்டிகளுக்கு 1000 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்றிருந்த விதியின் வேலையாக இருக்கும். எடையைக் குறைக்க எங்கே இரும்பு கிடைத்தாலும் துளைத்தார்கள்.

நிறத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பிரெஞ்சு வண்டிகளுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளை, இங்கிலாந்துக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு என்று புத்தகத்தில் படித்துவிட்டு, படத்தில் வெளுப்பாகத் தெரிகிற வண்டியை உடனே மெர்சிடிஸ் என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஃபிலிமுக்குப் பதிலாகக் கேமராவில் போட்ட கண்ணாடித் தகடுகள் நீல வெளிச்சத்துக்கு மிகவும் கூச்சப்படும், சிவப்பைக் கண்டால் அசையவே அசையாது. அதனால் நீல வண்டி கிட்டத்தட்ட வெள்ளையாக விழும், சிவப்பு வண்டி கறுப்பாக விழும். வானம் எப்போதும் வெள்ளைத் தாள்போல இருப்பதும் இதனால்தான். உங்கள் படத்தில் வண்டி வெளிறியிருந்தால் அது பிரெஞ்சு வண்டியாக இருப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். கறுப்பாக இருந்தால் இத்தாலியக் கம்பெனிகளான ஃபியட்டையும் இத்தாலாவையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

உருவத்தையும் முழுக்க நம்ப முடியாது. கேமராவின் ஷட்டர் ஒரு பிளவுபோல மேலும் கீழுமாக நகர்ந்து படத்தைப் பதிக்கும், அது நகர்ந்து முடிப்பதற்குள் வண்டி முன்னால் போய்விடும். அதனால் சக்கரங்கள் முட்டைபோல முன்சாய்ந்து நிற்கும். இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் புகைப்படக்காரர் லார்த்தீக் இளம் வயதில் எடுத்த படம். 6ஆம் எண் வண்டி பாதி வெளியே ஓடிவிட்டது, பின்னால் நிற்கிறவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். வெகுகாலம் அதை 1912 என்றும் தெலாஜ் என்றும் அச்சிட்டார்கள். வண்டி எண்ணையும் பந்தயப் பட்டியலையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகு, அது 1913 அமியேன் பந்தயத்தில் ஓடிய தியோதோர் ஷ்னைதர் வண்டி என்று இப்போது ஏற்றுக்கொள்கிறார்கள். எடுத்தவர் கைப்பட எழுதிய குறிப்பையே சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்றால், நம் வீட்டு ஆல்பத்தில் யாரோ பென்சிலில் எழுதி வைத்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எண்ணுக்கு வருவோம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் எண் கொடுத்த முறை வேறு. 1903 பாரீஸ்-மத்ரித் பந்தயத்தில் நூற்றுக்கணக்கில் வண்டிகள். லூயி ரெனோ 3, அவர் அண்ணன் மர்செல் 63, அந்தப் பந்தயத்தில்தான் மர்செல் இறந்துபோனார். பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்ட போர்தோவில் முதலாவதாகக் கணக்கான கப்ரியேல் ஓட்டிய மோர்ஸ் 168. ஆகவே மூன்று இலக்க எண் இருந்தால் ஊர்விட்டு ஊர் போன பெரிய பந்தயங்களை முதலில் பாருங்கள். 1906 கிராண்ட் பிரீயில் கம்பெனிக்கு ஓர் எண், வண்டிக்கு ஓர் எழுத்து, ஜெயித்த சிஸ் ஓட்டிய ரெனோ 3ஏ. எண்ணும் எழுத்தும் சேர்ந்து இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1914இல் ஒரே கம்பெனி வண்டிகளுக்கு எண்கள் அடுத்தடுத்து வரவில்லை, பெஜோவுக்கு 5, 19, 32. பக்கத்து எண் வண்டி அதே கம்பெனியாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள்.

பந்தய எண்ணோடு நம்பர் பிளேட் எண்ணைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். 1901 இறுதியிலிருந்து 1928 வரை பிரான்சில் பிளேட்டில் எண்ணுக்குப் பிறகு பதிவு வட்டாரத்தின் எழுத்து வரும். ஈ, ஜி, ஐ, யு, எக்ஸ் ஆகிய ஆங்கில எழுத்துகள் பாரீசுக்கு, பி போர்தோவுக்கு, எம் மார்சேக்கு. பயிற்சியின்போது பொதுச் சாலையில் எடுத்த படங்களில் இது கிடைக்கும். எண் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி இருந்தால் தகட்டைத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள். எண்ணே தெரியாத படத்தில் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று பாருங்கள், அந்தக் காலத்து ரேஸ் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வலப்பக்கம்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் வண்டியின் மூக்குக்கு வர வேண்டும். ரேடியேட்டர் முன்னால் இல்லாமல் பானட்டுக்குப் பின்னால், ஓட்டுநர் காலுக்கு முன்னே இருந்தால் எல்லாரும் ரெனோ என்பார்கள். பல சமயம் சரியாகவும் இருக்கும். ஆனால் ஷாரோனும் கிளெமான்-பயாரும் தங்கள் சாதாரண வண்டிகளில் அதே அமைப்பைப் போட்டார்கள். பேரிக்காய் வடிவ ரேடியேட்டர் இருந்தால் கிரெகுவார் என்று யோசிக்கலாம். தலைகீழாகக் கவிழ்த்த படகுபோல பானட், கீழே தாழ்வாகக் குழாய் ரேடியேட்டர் என்றால் 1903 மோர்ஸ். சேசிஸ் குழாய்களால் ஆனதாக, எஞ்சின் வழக்கத்துக்கு மீறி உயரமாக இருந்தால் கொப்ரோன்-பிரியே. ஒரு சிலிண்டருக்குள் எதிரும் புதிருமாக இரண்டு பிஸ்டன் வைத்தவர்கள் அவர்கள். 1904 ஜூலையில் ஒஸ்தாந்தில் ரிகோலி மணிக்கு 166 கிலோமீட்டரைத் தொட்டது அப்படிப்பட்ட வண்டியில்தான், நூறு மைல் வேகத்தை முதலில் தாண்டியவர் அவர். பின் சக்கரத்துக்கு முன்னால் பல் சக்கரமும் செயினும் தெரிந்தால் பழைய வண்டி என்று முடிவு கட்டாதீர்கள். 1912இல் கூட லொரேன்-தியத்ரிக் செயினோடுதான் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தவை சின்ன வண்டிகள், வொத்துரெத் என்பார்கள். பெரிய வண்டிகளைப் பற்றி எழுத ஆட்கள் ஏராளம், இவற்றைக் கவனிக்கத்தான் ஆள் இல்லை. லோத்தோ பத்திரிகை 1905, 1906 வாக்கிலிருந்து இவற்றுக்கென்று கோப்பை வைத்து நடத்தியது. பிஸ்டனின் அகலத்துக்கு விதி எல்லை போட்டது, நீளத்தை விட்டுவிட்டது. பொறியாளர்கள் சும்மா இருப்பார்களா? எஞ்சின் மேல்நோக்கி வளர்ந்தது. 1910 லியோன்-பெஜோவின் இரட்டைச் சிலிண்டரில் அகலம் 80 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 280. பானட் அவ்வளவு உயரமாகிவிட்டதால் ஓட்டுநர் அதற்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து ஓட்ட வேண்டியிருந்தது. அலமாரியை நிமிர்த்தி வைத்ததுபோல ஒல்லியான உயரமான பானட்டோடு சின்ன வண்டி இருந்தால் 1908 முதல் 1910 வரை என்று தைரியமாகக் குறிக்கலாம்.

சேன் தெனியில் புதுச்சேரிக்கார அம்மா ஒருவர் வீட்டில் இப்படி ஓர் அட்டை இருக்கிறது. "பாருங்க தம்பி, அப்பா பட்டாளத்திலேருந்து வந்தப்போ கொண்டாந்தது, என்ன வண்டின்னு அவருக்கே தெரியாது" என்று கொடுத்தார். பின்பக்கம் நடுக்கோடு இருந்தது, முத்திரையில் 1908. முன்பக்கம் சின்ன வண்டி, இரண்டு பேர், செயின் இல்லை. லென்ஸை முன் சக்கரங்களுக்கு நடுவில் கொண்டுபோனேன். வழக்கமாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக, வண்டியின் நீளவாக்கில் பட்டை ஸ்பிரிங் இருக்கும். இதில் ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குக் குறுக்காக, வில்போல வளைந்து கிடந்தது. இரண்டு ஓரங்களிலும் சக்கரம் செங்குத்தாக ஏறி இறங்குவதற்கான தண்டு. அந்தக் காலத்தில் இப்படிச் செய்து பந்தயத்தில் பெயர் வாங்கியவர்கள் சிசேர்-நோதேன். 1906, 1907, 1908 என்று மூன்று ஆண்டும் லோத்தோ கோப்பையை ஜெயித்தவர்கள், முதலாண்டு சிசேர், அடுத்த இரண்டும் நோதேன். எண்ணில் ஓர் இலக்கம் மெக்கானிக்கின் கைக்குப் பின்னால் மறைந்திருந்ததால் எந்த ஆண்டு என்று பிரிக்க முடியவில்லை. அட்டையோடு வைத்த துண்டுத் தாளில் "சிசேர்-நோதேன், 1906-1908" என்று மட்டும் எழுதினோம். அந்த அம்மாவுக்கு அது போதும், எனக்கும் போதும்.

சின்ன வண்டிகளில் எஞ்சினை வைத்துக் கம்பெனியைச் சொல்லாதீர்கள். தெ தியோன்-பூத்தோன் எஞ்சினை வாங்கிப் போட்டவர்கள் நிறைய, தெலாஜே அப்படித்தான் ஆரம்பித்தது.

பெயர்க் குழப்பம் தனிப் பெரிய கதை. ஜார்ஜ் ரிச்சர் என்பவரின் கம்பெனி ரிச்சர்-பிரசியே ஆனது, 1904இலும் 1905இலும் தேரி என்ற ஓட்டுநர் கோர்டன் பென்னெட் கோப்பையை ஜெயித்தது அந்த வண்டியில். ரிச்சர் பிரிந்துபோய் உனிக் ஆரம்பித்தார், மிச்சம் இருந்தது வெறும் பிரசியே. ஆகவே 1905 படத்தில் ஒரே வண்டிக்கு இரண்டு பெயர் பார்த்தால் இரண்டும் சரியாக இருக்கலாம். மார்சேயின் துர்க்கா-மெரி வடிவமைத்த வண்டியை தெ தியத்ரிக்கும் தன் பெயரில் செய்தது, இரண்டையும் படத்தில் பிரிப்பது கஷ்டம், பட்டியலில் எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 1921இல் இன்னும் மோசம்: எட்டுச் சிலிண்டர் வண்டி ஒன்றே சன்பீம், தல்போ, தல்போ-தரக் என்று மூன்று பெயரில் ஓடியது.

ஒப்பிட்டுப் பார்க்கப் படம் வேண்டுமானால் பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் காலிக்கா தளம் இலவசம். ரோல், மெரிஸ் ஆகிய பட நிறுவனங்களின் கண்ணாடித் தகடுகளும் ஜூல் போ சேகரித்த விளையாட்டுப் படங்களும் அங்கே இருக்கின்றன. கார்ப் பெயரைப் போட்டுத் தேடாமல் ஊரையும் ஆண்டையும் பிரெஞ்சில் போட்டுத் தேடுங்கள், ஓட்டுநர் பெயர்களைத் தலைப்பில் தப்பாக எழுதியிருப்பது சகஜம். ஒரே பந்தயத்தில் எடுத்த வேறு கோணப் படம் கிடைத்தால் அதுதான் பெரிய ஆதாரம், ஒரே வளைவு, ஒரே மேடை, ஒரே எண். லோத்தோ போன்ற நாளிதழ்களும் அங்கேயே உண்டு, பந்தயத்துக்கு முந்தைய நாள் இதழில் எண், ஓட்டுநர், கம்பெனி என்று பட்டியல் போட்டிருப்பார்கள். படம் தீவிலேயே எடுத்தது போலத் தெரிந்தால் இந்தியப் பெருங்கடல் வரலாற்றுப் படத் தொகுப்பின் இணையதளத்தையும் பாருங்கள், அது நம் மாவட்ட நிர்வாகம் நடத்துவது.

கடைசியாக, குறிப்பு எழுதும் முறை. ஒன்றையொன்று சாராத இரண்டு ஆதாரம் கிடைத்த பிறகே கம்பெனிப் பெயரை எழுதுங்கள்: எண்ணும் பட்டியலும் ஒன்று, ஸ்பிரிங்கோ ரேடியேட்டரோ இன்னொன்று. ஒன்றுதான் இருக்கிறது என்றால் "இருக்கலாம்" என்று சேர்த்து எழுதுங்கள். எதை வைத்துச் சொன்னீர்கள் என்பதையும், எந்தக் கம்பெனியையெல்லாம் எதனால் கழித்தீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதி வையுங்கள். அட்டையின் மேல் பேனா வேண்டாம், தனித் தாளில் பென்சிலால் எழுதி ஒரே உறைக்குள் வையுங்கள். அடுத்து அந்த உறையைத் திறக்கிறவர் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கிக்கொள்வார்.